கடையில் வாங்கும் வேர் மெய்யானதா?

சென்னைத் திருவான்மியூரில் எழுந்தருளியுள்ள ஈசனுக்கு மருந்தீசர் என்பது திருநாமம். மூலிகைகளின் இயல்புகளை எல்லாம் அகத்திய மாமுனிவருக்கு இத்தலத்து வன்னி மரத்தடியில் இறைவனே உபதேசித்தருளினார் என்பது தலவரலாறு. சித்தர்களுக்கெல்லாம் தலைவராகப் போற்றப்படும் அகத்தியருக்கே மூலிகையை ஒருவர் காட்டித்தர வேண்டியிருந்தது என்பதை இங்கே எண்ணிப் பார்க்கலாம். அருகில் நின்று, தொட்டுக் காட்டி, இதுதான் அது என்று அறிந்தவர் சொல்ல அறிய வேண்டிய கல்வி அது.

அனுமன் சஞ்சீவி மலையைப் பெயர்த்து வந்த வரலாறும் இதையே காட்டுகிறது. மிருதசஞ்சீவனி, விசல்யகரணி, சாவர்ண்யகரணி, சந்தானகரணி என்று நான்கு மூலிகைகளின் பெயரையும், அவை ஒளிரும் மலையையும் ஜாம்பவான் தெளிவாகச் சொல்லியனுப்பினார். கடலைத் தாண்டிய வீரனுக்கு மலையை அடைவது அரிதாயிருக்கவில்லை. ஆனால், மூலிகைகள் தம்மை மறைத்துக் கொண்டன; எது எதுவென்று தெரியவில்லை. தவறானதைப் பறித்துச் சென்றால் களத்தில் கிடக்கும் உயிர்கள் மீளமாட்டா. ஆகவே மலைச்சிகரத்தையே பெயர்த்தெடுத்தார் அனுமன். ஐயம் நேர்ந்த இடத்தில் ஊகித்துப் பறிக்காமல் முழுவதையும் அறிந்தவர் முன் கொண்டு வைத்த விவேகம் அது.

இன்று கோயில் மாடவீதிகளில் உள்ள நாட்டு மருந்துக் கடைக்குச் செல்லும் அன்பர்களுக்கு மலையைப் பெயர்க்கும் வலிமை இல்லை. பெயரை மட்டும் சொல்லி வாங்கி வருகிறார்கள். காகிதப் பொட்டலத்தில் வருவது அந்தப் பெயருக்குரிய வேர்தானா என்னும் கேள்வி பெரும்பாலும் எழுவதேயில்லை. இலையாக இருந்தால் வடிவம் காட்டிக் கொடுக்கும். பூவாக இருந்தால் நிறமும் மணமும் காட்டிக் கொடுக்கும். விதைக்கும் தனித்த உருவம் உண்டு. வேர் அப்படியன்று. மண்ணுக்குள் வளர்ந்து, தோண்டப்பட்டு, உலர்ந்து, துண்டாகிக் கடைக்கு வரும்போது நூறு செடிகளின் வேர்கள் ஒரே பழுப்பு நிறத்தில் ஒன்றுபோலவே கிடக்கும். செடியின் அங்கங்களுள் அடையாளம் காண மிகக் கடினமானது வேர்தான். ஏமாற்றுவதற்கு மிக எளியதும் அதுவே.

மூக்கை ஏமாற்றும் நன்னாரி

கோடை பிறந்ததும் இல்லந்தோறும் நினைவுக்கு வருவது நன்னாரி. பானையில் இட்ட நன்னாரி வேரின் மணத்தோடு நீர் அருந்திய தலைமுறை இன்றும் நம்மிடையே உள்ளது. நன்னாரி தரையோடு படர்ந்தும் பற்றி ஏறியும் வளரும் மெல்லிய கொடி. அதன் வேரும் மெலிந்ததே. பெரும்பாலும் எழுதுகோலைவிடத் தடித்திருப்பதில்லை. மேல்தோல் கரும்பழுப்பாய்க் குறுக்கே வெடித்திருக்கும். உள்ளே கெட்டியான, வெளிர்மஞ்சள் நிறமான நடுநரம்பு இருக்கும். நசுக்கினால் தோல் நரம்பை விட்டுக் கழலும். மணமும் மருந்துக் குணமும் அந்தத் தோலில் மிகுதி என்பதால்தான் நம் பாட்டிமார் வேரைத் தட்டி நரம்பை நீக்கிவிட்டுப் பயன்படுத்தினார்கள்.

இதே மணம் மற்றொரு செடிக்கும் உண்டு. அது மாகாளி. தயிரும் கடுகும் சேர்த்து ஊறவைத்த மாகாளிக்கிழங்கு ஊறுகாயை அறியாத பழைய குடும்பங்கள் குறைவு. அதை முதன்முறை முகர்ந்து முகத்தைச் சுளிக்கும் பேரப்பிள்ளைகளையும் பலர் பார்த்திருப்பார்கள். நன்னாரிக்கும் மாகாளிக்கும் மணம் தருவது ஒரே வேதிப்பொருள்தான் என்று ஆய்வாளர்கள் கண்டுள்ளனர். ஆகவே மூக்கை மட்டும் நம்பி நன்னாரி வாங்குவோர் மாகாளியை வாங்கி வருவது எளிது. இரண்டையும் கண்தான் பிரித்தறிய வேண்டும். மாகாளி விரல் பருமனும் அதற்கு மேலும் தடித்த, சதைப்பற்றுள்ள வேர். உலர்ந்தபின் சுருங்கினாலும் அதன் தடிப்பு முற்றிலும் மறைவதில்லை. நெடுக்குவாட்டில் சுருக்கங்கள் விழும். சன்னமாக நறுக்கி உலர்த்தி விட்டாலோ, பொடித்து விட்டாலோ, அந்த அடையாளமும் போய்விடுகிறது.

இதனால் உடலுக்கு என்ன தீங்கு என்று கேட்கலாம். மாகாளி உண்ணத்தக்கதுதான், பெருந்தீங்கு ஏதும் இல்லை. ஆனால், நன்னாரிக்கென்று நூல்கள் சொல்லும் பயன் மாகாளிக்கும் அப்படியே உண்டு என்று கொள்ள முடியாது. இழப்பு வேறோர் இடத்திலும் நிகழ்கிறது. மாகாளி வயல் பயிரன்று; பாறைகள் நிறைந்த மலைக்காடுகளில் தானாக வளர்வது. ஏழுமலையான் உறையும் சேஷாசல மலைத்தொடரிலும், கர்நாடகத்தில் அரங்கநாதர் கோயில் கொண்ட பிலிகிரிரங்கன் மலையிலும் பழங்குடி மக்கள் பாறை இடுக்குகளிலிருந்து அதைத் தோண்டி எடுத்து வந்தனர். வேரைத் தோண்டினால் கொடியே அழிந்து விடுகிறது. ஊறுகாய்க்குப் போதாதென்று நன்னாரிக்கு ஈடாக மருந்துத் தயாரிப்புக்கும் சென்றதால், இன்று அது அருகிவரும் தாவரங்களின் வரிசையில் சேர்ந்துவிட்டது.

பெயர் ஒன்று, வேர் பல

கலப்படம் எல்லாம் வஞ்சகத்தால் நிகழ்வதில்லை. பாதிக்கு மேல் பெயர்க்குழப்பத்தால் நிகழ்வதாகவே தோன்றுகிறது.

தலைக்குக் குளித்தபின் உச்சியில் தேய்க்கும் ராஸ்னாதி சூரணத்தை முதியோர் பலர் அறிவர். அதன் பெயருக்குக் காரணமான ராஸ்னா எது? தென்னாட்டில் அரத்தையின் கிழங்கை ராஸ்னா என்பர். வடநாட்டில் அப்பெயரால் கொள்ளப்படுவது முற்றிலும் வேறான ஒரு செடி. வங்கத்திலோ மரத்தின் மேல் ஒட்டி வளரும் ஒரு வகை ஆர்க்கிட்டின் வேரை அப்பெயரால் வழங்கினர். மூவரும் தத்தம் குருவிடம் கற்றபடியே நடந்தனர். எவரையும் பொய்யர் என்று கூற இயலாது. ஆனால், வடநாட்டு நூலைப் படித்துவிட்டுத் தென்னாட்டுக் கடையில் வாங்குபவருக்கு நூல் சொன்ன மருந்து கிட்டாது.

அதிமதுரமும் இத்தகையதே. அதன் உண்மையான வேர் தமிழகத்தில் இயற்கையாக விளைவதன்று; ஆப்கானிஸ்தான், ஈரான், மத்திய ஆசியா முதலிய வறண்ட நிலங்களிலிருந்து வருவது. அதற்கு மாற்றாக நம்மூர்க் குன்றிமணிக் கொடியின் வேர் நெடுங்காலமாக வழங்கி வந்திருக்கிறது. விநாயக சதுர்த்தியன்று களிமண் பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே, அதே குன்றிமணி. அதன் விதை கொடிய நஞ்சு என்பதும் முதியோர் அறிந்ததே. மெய்யான அதிமதுரத்தை ஒடித்தால் உட்புறம் நல்ல மஞ்சளாகவும் நார்நாராகவும், நடுவிலிருந்து கதிர்கள் விரிவதுபோலவும் இருக்கும். இனிப்பு மிகுந்து நெடுநேரம் நாவில் நிற்கும்.

வாயிற்படியில் கட்டித் தொங்கவிடும் ஆகாசகருடன் கிழங்கை எல்லோரும் பார்த்திருப்பார்கள். மண்ணும் நீரும் இன்றி, தன்னுள் சேமித்த ஈரத்தைக் கொண்டே அது காற்றில் தளிர்விடும். திருஷ்டி தோஷம் அண்டாது என்பது நம்பிக்கை. கருடக்கொடி என்றொரு மூலிகையும் உண்டு. ஈச்சுரமூலி என்றும் அதனை வழங்குவர். இரண்டுக்கும் பெயரில் கருடன் இருப்பதைத் தவிர வேறு உறவில்லை. ஒன்று பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மற்றது ஆடுதின்னாப்பாளையின் இனம். பெயரொற்றுமையை நம்பி ஒன்றை மற்றொன்றாகக் கருதினால் விளைவு என்னவாகும் என்பதற்கு ஒரு சான்று ஐரோப்பாவில் இருக்கிறது.

பிரஸ்ஸல்ஸ் நகரில் நேர்ந்தது

1990களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டின் தலைநகரான பிரஸ்ஸல்ஸில், உடல் எடையைக் குறைக்கும் சிகிச்சைக்குச் சென்ற பெண்கள் சிலருக்குச் சிறுநீரகங்கள் விரைவாகச் செயலிழந்தன. அதற்குமுன் சிறுநீரக நோய் எதுவும் இல்லாதவர்கள் அவர்கள். மருத்துவர்கள் துருவி ஆராய்ந்தபோது, அவர்கள் உட்கொண்ட மாத்திரைகளில் சீன மூலிகை வேர்களின் பொடி சேர்க்கப்பட்டிருந்தது தெரியவந்தது. 1993ஆம் ஆண்டு இச்செய்தி மருத்துவ இதழில் வெளியாயிற்று. பாதிக்கப்பட்டோர் எண்ணிக்கை பின்னர் 100ஐத் தாண்டியது. பலருக்குச் சிறுநீரக மாற்று அறுவை தேவைப்பட்டது. சிலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் கண்டது.

காரணம் ஒரு பெயர்தான். ஃபாங் ஜி என்பது சீன மருத்துவத்தில் ஒரு வேரின் பெயர். அப்பெயரோடு அடைமொழி சேர்ந்து வேறொரு வேருக்கும் வழங்கியது. எழுதியவர் கேட்டது முதலாவதை. பொட்டலத்தில் வந்தது இரண்டாவது. உலர்ந்த நிலையில் இரண்டுக்கும் வேறுபாடு காண்பது அரிது. மாறிவந்த வேர் எந்த இனம் என்றால், நம் ஆடுதின்னாப்பாளையும் ஈச்சுரமூலியும் சேர்ந்த அதே அரிஸ்டோலோக்கியா இனம். அதிலுள்ள அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கும் என்பதும், புற்றுநோய் விளைக்கும் என்பதும் ஐயமின்றி நிறுவப்பட்ட பின்னர்ப் பல நாடுகள் அவ்வினத்து மூலிகைகளைத் தடைசெய்தன.

விஷக்கடிக்கு முறிவு என்றும், பூச்சி நீக்கும் மருந்து என்றும் கேள்விப்பட்டு இவ்விரு மூலிகைகளையும் தாமாகவே வாங்கிக் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் இன்றும் ஊர்ப்புறங்களில் உள்ளனர். வயது முதிர்ந்து சிறுநீரகத்தின் வலிமை இயல்பாகவே குறைந்திருக்கும் காலத்தில் இது வேண்டவே வேண்டாம்.

நாவால் சோதிக்கலாமா?

வேரைக் கிள்ளி வாயிலிட்டுச் சுவைத்துப் பார்க்கும் வழக்கம் பழையது. அறிந்த வேருக்கு அது பொருந்தும். அறியாத வேருக்குக் கூடாது. அதிவிடயத்தை எடுத்துக் கொள்ளலாம். குழந்தைகளின் கழிச்சலுக்கும் சுரத்துக்கும் உரைமருந்தில் சேரும் இந்தச் சிறு கிழங்கு இமயமலையின் உயரங்களில் விளைவது, விலை மிகுந்தது. மேலே சாம்பல் நிறம், ஒடித்தால் மாவுபோல் வெண்மை, கடும் கசப்பு. இதன் உறவினமே வச்சநாவி என்னும் நஞ்சு. முறைப்படி சுத்தி செய்யாத வச்சநாவி சிறிதளவு உட்சென்றாலும் நாக்கும் உதடும் மரத்து, இதயத்துடிப்பு தாறுமாறாகி உயிருக்கே இடர் நேரும். இரண்டும் இமயத்திலிருந்து வரும் கிழங்குகள். ஒரே கடையில் விற்கப்படுபவை. தென்னாட்டிலோ ஆற்றோரச் சேற்றில் வளரும் வேறொரு செடியின் கிழங்கு நாட்டு அதிவிடயம் என்ற பெயரில் விற்பனையாகிறது. அது இமயத்து அதிவிடயத்துக்கு எவ்வகையிலும் உறவில்லாதது. அதன் மேல் நெருக்கமான வளையங்கள் காணப்படும்.

முருகப் பெருமானுக்கு உகந்த செங்காந்தளையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டின் மாநில மலர் அது. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் அதன் விதைக்காக உழவர்கள் பந்தல் அமைத்துப் பயிரிடுகின்றனர். வாதநோய்க்கான ஆங்கில மருந்தான கால்சிசின் அதிலிருந்து எடுக்கப்படுகிறது. கலப்பை வடிவில் இருப்பதால் கலப்பைக் கிழங்கு என்றும், கண்வலிக் கிழங்கு என்றும் பெயர் பெற்ற அதன் கிழங்கு கொடிய நஞ்சு. சர்க்கரைவள்ளிக் கிழங்கு என்றெண்ணி இதனை வேகவைத்து உண்டு உயிரிழந்தோர் இலங்கையிலும் இந்தியாவிலும் உண்டு. வேகவைத்தால் நஞ்சு போய்விடும் என்பது இங்கே பொருந்தாது.

மெய்யான வேரும் தீங்கு செய்யும் இடங்கள்

வேர் மெய்யானது என்று தெரிந்துவிட்டால் மட்டும் போதுமா என்றால், முதியோரைப் பொறுத்தவரை போதாது. அதிமதுரத்தைத் தொடர்ந்து பல வாரங்கள் உட்கொண்டால் உடலில் உப்பும் நீரும் தங்கி இரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் குறையும். இரத்த அழுத்த மாத்திரையோ நீர் பிரியும் மாத்திரையோ உட்கொள்வோருக்கு இது நல்லதன்று. சர்ப்பகந்தி வேர் இதற்கு நேர்மாறானது. 1952இல் அதிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ரெசர்பின் என்னும் பொருள்தான் உலகெங்கும் இரத்த அழுத்தத்துக்கு வழங்கிய தொடக்கக்கால மருந்துகளுள் ஒன்று. நாட்டு மருந்துதானே என்று மாத்திரையோடு சேர்த்து அதையும் உட்கொண்டால் அழுத்தம் அளவுக்கு மீறித் தாழ்ந்து மயக்கம் வரும், மனச்சோர்வும் தொடரக்கூடும். சர்ப்பகந்திக்கு மாற்றாக, அமெரிக்க வெப்ப நிலங்களிலிருந்து வந்து நம் நாட்டில் களைபோல் பரவிவிட்ட பாம்புக்களாவின் வேரும் சந்தைக்கு வருகிறது. அதிலும் இதே வகைப் பொருள்கள் உண்டு. ஆனால், அளவு ஒன்றன்று. அளவு தெரியாத மருந்தை எவ்வளவு உட்கொள்வது?

அமுக்கராவின் பெயர் இப்போது அசுவகந்தா என்று தொலைக்காட்சி விளம்பரங்களில் எல்லாம் ஒலிக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் நீமச், மந்த்சௌர் மாவட்டங்களில் பெருமளவில் பயிராகி நீமச் சந்தை வழியாக நாடெங்கும் செல்வது அது. சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் மருந்தாகச் சொல்வது அதன் வேரை. ஆனால், இலையும் தண்டும் விலை குறைந்தவை. பொடியில் கலந்துவிட்டால் எவர் கண்ணுக்கும் தெரியாது. இலையில் மிகுந்துள்ள ஒரு வேதிப்பொருள் நஞ்சுத்தன்மை உடையது. ஆகவே 2021ஆம் ஆண்டு மத்திய ஆயுஷ் அமைச்சகம் அமுக்கரா இலையைப் பயன்படுத்த வேண்டாம் என்று மருந்து தயாரிப்போருக்கு அறிவுறுத்தியது. நல்ல அமுக்கரா வேர் வழவழப்பாய், மேலே மங்கிய பழுப்பு நிறமாய், ஒடித்தால் சட்டென்று முறிந்து வெண்மையான மாவு காட்டும். தண்டுத் துண்டு அப்படி முறியாது, நார் இழுக்கும். தைராய்டு மருந்தோ தூக்க மாத்திரையோ உட்கொள்ளும் பெரியோர், மருத்துவரிடம் சொல்லாமல் அமுக்கரா தொடங்கலாகாது.

ஆய்வுக்கூடத்தில் நடப்பது

கண்ணும் மூக்கும் கைவிடும் இடத்தில் நுண்ணோக்கி துணைவருகிறது. வேரை மெல்லிய சீவலாக அரிந்து பார்த்தால், அதன் மாவுமணிகளின் வடிவம், படிகங்களின் வகை, கல்போன்ற கெட்டி அணுக்களின் அமைப்பு ஆகியவை இனத்துக்கு இனம் வேறுபடும். பொடியாக்கிய பின்னும் இவற்றுட் பல அழிவதில்லை. அடுத்து வேரை எரித்துச் சாம்பலின் எடையைக் காண்பர். சாம்பலில் அமிலத்தில் கரையாத பகுதி மிகுந்தால் மணலும் மண்ணும் சேர்ந்திருப்பது புலனாகும். எடைக்கு விற்கும் பொருளில் மண் சேர்வது வியப்பன்று. ஆல்கஹாலில் கரையும் சத்தையும் நிறுத்துப் பார்ப்பர். அது குறைந்தால் ஏற்கெனவே சாறு எடுத்த சக்கை என்று அறியலாம். இந்திய சித்த மருந்து நூலின் முதல் தொகுதி 2008இல் வெளிவந்தது. மூலிகைச் சரக்குகளுக்குரிய இத்தகைய அளவுகள் அதில் வகுக்கப்பட்டுள்ளன. அண்மைக்காலத்தில் வேரின் மரபணுவைப் படித்து இனத்தை உறுதிசெய்யும் முறையும் வந்திருக்கிறது. எனினும் அது இன்ன செடி என்று சொல்லுமே அன்றி, இலையா வேரா என்று சொல்லாது. அமுக்கராப் பொடியில் அமுக்கரா இலையே கலந்திருந்தால் மரபணு ஆய்வு அதனை மெய்யென்றே காட்டும்!

சாறு எடுத்த சக்கை என்றதும் வெட்டிவேர் நினைவுக்கு வருகிறது. இறைவனுக்கு மாலையாகவும் அபிஷேக நீரில் வாசனைப் பொருளாகவும் விளங்கும் இது கடலூர்க் கடற்கரையோர மணற்பாங்கில் சிறப்பாக விளைகிறது. எண்ணெய் வடித்த பின்னும் வேர் பார்ப்பதற்கு வேராகவே இருக்கும். வாங்கும்போது சிறிது நீரில் நனைத்து முகர்ந்தால் போதும். எண்ணெய் உள்ள வேர் நனைந்ததும் மண்வாசனையோடு மணக்கும். சக்கை வைக்கோலாய் இருக்கும்.

வெள்ளெருக்கு வேரில் செதுக்கிய விநாயகரை வாங்குவோருக்கும் ஒரு சொல். வெள்ளெருக்கு என்பது வெண்ணிறப் பூப்பூக்கும் எருக்கு. பூவைக் கண்டுதான் அதை வெள்ளெருக்கு என்கிறோம். தோண்டி உலர்த்திச் செதுக்கிய வேரைப் பார்த்துப் பூவின் நிறத்தைச் சொல்ல எவராலும் இயலாது. செடி நின்ற இடத்தைக் கண்டவர் ஒருவரின் வாக்கைத் தவிர அதற்குச் சான்று வேறில்லை.

முன்னோர் வகுத்த முறை

அந்த வாக்குக்குத்தான் முன்னோர் ஒரு முறை வகுத்திருந்தனர். மூலிகை எடுக்க வேண்டுமானால் முந்திய நாளே சென்று செடியைக் கண்டு, வழிபட்டு, மஞ்சள் நூலால் காப்புக் கட்டிவிட்டு வருவர். மறுநாள் அதிகாலையில் நீராடிச் சென்று, அனுமதி வேண்டி, வடக்கு நோக்கிச் செல்லும் வேரை மட்டும் எடுப்பர். இதனை வெறும் சடங்கு என்று சொல்லிவிட முடியாது. இதன்படி நடப்பவர் செடியை உயிரோடு, இலையோடும் பூவோடும், இருமுறை பார்த்தாக வேண்டும். அடையாளம் தவற வாய்ப்பே இல்லை. ஒரு திசை வேரை மட்டும் எடுப்பதால் செடியும் பிழைத்துக் கொள்ளும். வேர்களை இலையுதிர்ந்த குளிர் காலத்திலோ வேனிலிலோ எடுக்க வேண்டும் என்று சரக சம்ஹிதை காலமும் குறித்திருக்கிறது. செடியின் சத்தெல்லாம் வேரில் இறங்கியிருக்கும் பருவம் அது.

இன்று வேரைத் தோண்டுபவர் ஒருவர், ஊர்த் தரகர் ஒருவர், மொத்த வியாபாரி ஒருவர், கடைக்காரர் ஒருவர். செடியைக் கண்டவர் முதலாமவர் மட்டுமே. இருளர் போன்ற பழங்குடியினரின் தாவர அறிவு நிகரற்றது. ஆனால், அவர்கள் அறிந்தது அந்த நீண்ட வழியில் கோணிமூட்டையோடு கோணிமூட்டையாகக் கலந்து தொலைந்து விடுகிறது. தசமூலத்தில் நேர்ந்திருப்பது இன்னும் வருந்தத்தக்கது. கண்டங்கத்தரி, நெருஞ்சில் முதலிய 5 சிறு செடிகளோடு வில்வம், பாதிரி, பெருங்குமிழ், முன்னை முதலிய 5 மரங்களின் வேரும் சேர்ந்ததே தசமூலம். மரத்தின் வேரை எடுப்பதென்றால் மரத்தையே சாய்க்க வேண்டும். அதனால் பல இடங்களில் வேருக்கு மாற்றாக அடிமரத்துப் பட்டையே சேர்கிறது. மரம் பிழைப்பது நல்லதே. ஆனால், வேர் என்று எழுதிப் பட்டையை விற்பது முறையாகாது. திருப்பாதிரிப்புலியூரில் தலவிருட்சமாக வணங்கப்படும் பாதிரி, வேருக்காகக் காடுகளில் வெட்டுண்டால் எவர் மனம் ஒப்பும்?

தோற்றுவாய் எது என்னும் கேள்விக்குச் சட்டமும் இடம் தந்திருக்கிறது. தூபப் பொருள்களிலும் மருந்திலும் சேரும் கோஷ்டம் இமயத்துச் செடியின் வேர். பழங்காலத்தில் இந்தியத் துறைமுகங்களிலிருந்து உரோமாபுரி வரை கப்பலேறிய சரக்கு அது. காடுகளில் அழியும் நிலைக்கு வந்துவிட்டதால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் அது காக்கப்படுகிறது. உரிமம் பெற்றே பயிரிடவும் விற்கவும் வேண்டும்.

வாங்கும்போது செய்யத்தக்கவை

பொடியாக வாங்குவதைக் கூடியவரை தவிர்த்து, முழு வேராக வாங்கி வீட்டில் இடித்துக் கொள்வதே முதல் பாதுகாப்பு. முழு வேர் தன்னைக் காட்டிக் கொடுக்கும், பொடி ஊமை. பூசணம் பிடித்ததும், புழு அரித்ததும், சாக்கு நாற்றம் வீசுவதும் மெய்யான வேராயினும் தள்ளத்தக்கவையே. கடைக்காரரிடம் இது எந்த ஊரிலிருந்து வந்தது என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். நல்ல கடைக்காரர் அக்கேள்வியை விரும்புவார். புட்டியிலும் டப்பாவிலும் வரும் மருந்தாயின் தயாரிப்பு உரிம எண், தொகுதி எண், தயாரித்த நாள், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். இவை இல்லாத டப்பாவை வாங்க வேண்டியதில்லை. புதிதாக ஒரு மூலிகை தொடங்கும்போது அதில் ஒரு சிறு துண்டைப் பெயரும் நாளும் எழுதித் தனியே எடுத்து வைப்பது நன்று; ஒவ்வாமை ஏதும் நேர்ந்தால் மருத்துவரிடம் காட்டப் பயன்படும். ஐயம் உள்ள வேரை அரசு சித்த மருத்துவமனையின் மருத்துவரிடம் கொண்டு சென்று காட்டலாம். சென்னையை ஒட்டி வாழ்வோருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் இயங்கிவரும் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் உண்டு. திருவான்மியூரில் மருந்தீசர் கோயிலுக்குச் செல்வோர், 1944இல் மருத்துவர்களே கூடி அமைத்த இம்ப்காப்ஸ் கூட்டுறவு மருந்தகத்தையும் அவ்வூரிலேயே காணலாம்.

இடவசதி உள்ளவர்கள் நன்னாரியை வீட்டிலேயே வளர்க்கலாம். வேர்த்துண்டை ஊன்றினாலும் தண்டை நட்டாலும் பிழைக்கும். சற்றே நிழலும் பற்றியேற ஒரு குச்சியும் போதும். குறுகி நீண்ட இலையின் நடுவில் வெண்ணிறக் கோடு ஓடுவதைக் கொண்டு கொடியை எளிதில் அறியலாம். சிறிய பூக்கள் வெளியே பசுமையாகவும் உள்ளே கருஞ்சிவப்பாகவும் இருக்கும். சுமார் இரண்டு ஆண்டுகளில் வேர் எடுக்கும் அளவுக்கு முற்றும். தொட்டியின் ஒரு பக்கத்து மண்ணை மட்டும் விலக்கி, வேண்டிய வேரை நறுக்கிக் கொண்டு மீண்டும் மூடி நீர் ஊற்றி விட்டால், எஞ்சிய வேரிலிருந்து கொடி மறுபடியும் தளிர்க்கும்.